கணினி வேலைக்குத் தட்டச்சு தெரிந்திருக்க வேண்டுமா?

ஏ.எல். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில்தான் இலங்கையின் கிழக்கே களுவாஞ்சிகுடியில் நான் நடத்தும் கணினி வகுப்பு நிரம்பும். மகனைச் சேர்க்க வந்த ஒரு தாய் அண்மையில் கேட்டார்: “டைப்பிங்கும் படிக்கத்தான் வேணுமா சேர்? இப்ப போனில கதைச்சா அதுவே எழுதுதே. இவனுக்கு சொப்ட்வெயர் பக்கம்தான் விருப்பம்.”

நியாயமான கேள்வி. காசு கட்டப் போகிறவர் அவர், நேரம் செலவழிக்கப் போகிறவன் மகன். வாசலில் நின்றபடி ஏதோ ஒரு பதில் சொன்னேன். ஆனால் அது அரைகுறைப் பதில் என்று அப்போதே தெரிந்தது. இந்தக் கேள்விக்கு ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. எந்த வேலை, அந்த வேலையில் தட்டச்சுக்கு எவ்வளவு பங்கு, எந்த மொழியில் அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் வேகத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். வேலை விளம்பரங்களில் ‘நிமிடத்துக்கு 40 சொல்’ என்று போட்டிருப்பார்கள். இதில் ‘சொல்’ என்பது உண்மையான சொல் அல்ல. இடைவெளியையும் சேர்த்து ஐந்து தடவை விசையைத் தட்டினால் அது ஒரு சொல் என்று கணக்கு. சொற்கள் சில குட்டையாகவும் சில நீளமாகவும் இருப்பதால் இப்படி ஒரு பொது அளவு வைத்துக்கொண்டார்கள். தமிழுக்கு வரும்போது இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டும். ‘செயலகத்துக்கு’ என்பது நமக்கு ஒரே ஒரு சொல். ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்து அடிக்கும் முறையில் அதற்கு 16 தட்டு வேண்டும். அந்தக் கணக்குப்படி மூன்று சொல்லுக்கும் மேல். ஆகவே தமிழில் நிமிடத்துக்கு 15 சொல் அடிக்கிற பிள்ளை, ஆங்கிலத்தில் 40 அடிக்கிறவரோடு தன்னை ஒப்பிட்டு மனம் சோர வேண்டியதில்லை. இரண்டு பேரின் விரல்களும் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

மற்றவர்கள் எவ்வளவு வேகமாக அடிக்கிறார்கள்? பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 168,000 பேர் இணையம் வழியாகத் தட்டச்சு செய்து காட்டினார்கள். சராசரி நிமிடத்துக்கு 52 சொல் அளவில் வந்தது. வேகமாக அடித்தவர்கள்தான் பிழையையும் குறைவாக விட்டிருந்தார்கள். வேகமும் நிதானமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நாம் நினைக்கிறோம், பழகிய கைகளில் அவை சேர்ந்தே வருகின்றன. 2019இல் கைபேசித் தட்டச்சையும் பார்த்தார்கள். அங்கே சராசரி 36 சொல். பெரும்பாலும் பெருவிரல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேகம் வருகிறது என்பதால், போனில் வளர்ந்த பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். வேகம் கூடினால் வேலை எவ்வளவு சீக்கிரம் முடியும்?

நமது ஊர் வேளாண்மையை நினைத்துப் பாருங்கள். முன்பு ஆள் வைத்துப் பல நாள் வெட்டிய வயலை வெட்டுமெசின் காலையில் இறங்கி மதியத்துக்குள் முடித்துவிடுகிறது. ஆனால் நெல் காய இரண்டு நாள் வெயில் வேண்டும் என்றால் வேண்டும்தான். அதைவிட வேகமான மெசினைக் கொண்டுவந்தாலும் அந்த இரண்டு நாள் குறையாது. ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகமாக்கினால், அந்தப் பகுதி முழு வேலையில் எத்தனை பங்கோ அந்த அளவுக்குத்தான் இலாபம். கணினித் துறையில் இதையே ஜீன் அம்டால் என்ற வடிவமைப்பாளர் 1967இல் ஒரு விதியாக எடுத்துச் சொன்னார். அவர் பேசியது கணினிகளின் வேகத்தைப் பற்றி. ஆனால் மேசையில் இருந்து வேலை செய்கிற மனிதருக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் படிவங்களைப் பார்த்துக் கணினியில் பதிகிறவர். எட்டு மணித்தியால வேலையில் ஆறு மணித்தியாலம் விசையைத் தட்டுவதிலேயே போகிறது. அவருடைய வேகம் இரட்டிப்பானால் மூன்று மணித்தியாலம் மிச்சம். மற்றவர் புரோகிராமர். அவருடைய எட்டு மணித்தியாலத்தில் வாசிப்பது, யோசிப்பது, பிழை தேடுவது, கூட்டத்தில் கதைப்பது எல்லாம் போக, எழுதுவது ஒரு மணித்தியாலம் என்று வைப்போம். அவர் வேகம் இரட்டிப்பானால் அரை மணித்தியாலம்தான் மிஞ்சும். மின்னல் மாதிரி அடித்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒருபோதும் மிஞ்சாது. அந்தத் தாயின் மகன் ஆசைப்படுகிற வேலையில், அவனை உயர்த்தப் போவது கைவேகம் அல்ல. இதை நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எல்லாரும் புரோகிராமர் ஆவதில்லை. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ செங்கலடியிலோ கணினி முன்னால் இருக்கிறவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பிரதேச செயலகத்துக்குப் பக்கத்திலுள்ள போட்டோகொப்பிக் கடையில் காலை ஒன்பது மணிக்கு ஆறேழு பேர் வரிசையில் நிற்பார்கள். ஒருவருக்கு விண்ணப்பக் கடிதம், இன்னொருவருக்குச் சுயவிபரக்கோவை. அங்கே வேகம்தான் வருமானம். 60 சொல்லுள்ள கடிதத்தை நான்கு நிமிடத்தில் அடிக்கிறவருக்கும் பன்னிரண்டு நிமிடம் எடுக்கிறவருக்கும் நாள் முடிவில் கிடைக்கிற காசு ஒன்றாக இருக்காது. நொத்தாரிசு அலுவலகத்தில் காணி உறுதி எழுதுகிறவருக்கும் அப்படித்தான், அதோடு பிழை விடவும் முடியாது. வங்கிக் காசாளருக்கு எழுத்தைவிட இலக்கம்தான் வேலை. கீபோர்டின் வலப்பக்க இலக்கத் தொகுதியை விரல் தானாக அறிந்திருக்க வேண்டும். திருமண அழைப்பிதழ் வடிவமைக்கிறவருக்கு இடக்கைக் குறுக்கு விசைகளும் வலக்கை மவுஸும் போதும், வேகத் தட்டச்சு பெரிதாகத் தேவையில்லை.

இதுவரை சொன்னது வேகத்தைப் பற்றி. என் பார்வையில் தட்டச்சின் பெரிய பயன் வேகம் அல்ல. விசையைப் பார்க்காமல் அடிப்பதுதான்.

சைக்கிள் ஓடப் பழகிய முதல் கிழமையில் கல்லடிப் பாலத்தைக் கடந்தவர்களுக்குத் தெரியும். கண் முழுவதும் முன் சில்லில் இருக்கும். எதிரே யார் வந்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆறு மாதம் போன பிறகு அதே பாலத்தில் ஒரு கையைத் தூக்கி, வருகிறவரைக் கூப்பிட்டுச் சுகம் விசாரித்துக்கொண்டே போவோம். கால் தன் பாட்டில் மிதிக்கும். தட்டச்சும் இதே போல்தான். விசையைத் தேடுகிறவருடைய கவனத்தில் ஒரு பகுதி எப்போதும் தேடலிலேயே கிடக்கும். மனதில் முழுமையாக வந்த வசனம், ‘ண’ எங்கே என்று தேடி முடிப்பதற்குள் பாதி கலைந்துவிடும். கண் கீழே போய், திரையைப் பார்த்து, மறுபடி கீழே போய், கடைசியில் எந்த வரியில் இருந்தோம் என்பதே மறந்துபோகும். பார்க்காமல் அடிக்கிறவருக்கு இந்தச் சிரமம் இல்லை. 1888இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த ஒரு தட்டச்சுப் போட்டியில் ஃபிராங்க் மெக்குரின் என்பவர் விசைகளைப் பார்க்காமலே அடித்து வென்றார். மற்றவர் கீழே குனிந்து நிமிர்ந்த நேரமெல்லாம் இவருடைய கண் வாசிக்க வேண்டிய தாளிலேயே இருந்தது. பத்து விரல் முறை பரவலாகப் பேசப்படத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பங்குக் கணக்கில் தோற்றுப்போன அந்தப் புரோகிராமருக்கும் இது உதவுகிறது. அவர் தட்டுவது ஒரு மணித்தியாலம்தான் என்றாலும், அந்த நேரத்தில் அவருடைய யோசனை அறுபடாமல் இருக்கும். முகத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டிய வேலைகளில் இன்னும் உதவும். ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் இருக்கிறவர், எதிரே நிற்கிற வயதான அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பெயரையும் ஊரையும் அடிக்க முடிந்தால், அந்த அம்மா சொல்ல வந்ததைத் தயங்காமல் சொல்லுவார். குனிந்து தேடிக்கொண்டிருந்தால் வாயை மூடிக்கொள்வார்.

பிழை பற்றிப் பேசும்போது எனக்கு 2005ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். சுனாமி அடித்து நான்கைந்து மாதம் ஆகியிருந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு முகாம்களிலிருந்து கையால் எழுதிய படிவங்கள் கட்டுக் கட்டாக வரும். ஒரு தொண்டு நிறுவனத்தில் அவற்றைக் கணினியில் பதிகிற வேலை எனக்கு. வேகமாக அடிப்பேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஒரு தாயின் அடையாள அட்டை இலக்கத்தில் 532 என்று வரவேண்டிய இடத்தில் 352 என்று அடித்துவிட்டேன். கொடுப்பனவுப் பட்டியலில் அவருடைய இலக்கம் பொருந்தவில்லை. மூன்று தடவை வந்து வெறுங்கையோடு திரும்பினார். நான்காம் தடவை படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் பிழை என் விரலில் என்று தெரிந்தது. வீடும் பிள்ளையும் இழந்த ஒருவரை என் இரண்டு விசைகள் அலைய வைத்திருக்கின்றன. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

அந்தப் பிழையை நான் அன்றே பிடித்திருக்கலாம். பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்படும். 32ஆவது நாள் பெப்ரவரி முதலாம் திகதி. அன்று பிறந்த பெண்ணுக்கு 532 வரும். 352 என்றால் டிசம்பரில் பிறந்த ஆண். படிவத்தில் பெண் பெயர் எழுதியிருக்க, நான் ஒரு ஆணின் இலக்கத்தை அடித்திருக்கிறேன். புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக வருகிறது, நாள் எண் அதே முறையில்தான். தரவு பதிகிற வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அடிக்கிறதன் பொருள் தெரிந்தவருக்குப் பிழை தானாகவே கண்ணில் குத்தும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். நூற்றுக்கு 98 சரியாக அடிக்கிறேன் என்று ஒரு பிள்ளை சந்தோசமாகச் சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஐம்பது தட்டுக்கு ஒன்று பிழை என்பதுதான் அதன் அர்த்தம். ஒன்பது இலக்க எண்களை அந்தக் கையால் அடித்தால் ஏறத்தாழ ஆறில் ஒன்று பிழையாகும். பன்னிரண்டு இலக்கமென்றால் ஐந்தில் ஒன்றுக்கும் மேல். கடிதத்தில் எழுத்துப் பிழை விட்டால் வாசிக்கிறவர் ஊகித்துக்கொள்வார், கணினி சிவப்புக் கோடாவது போடும். இலக்கத்துக்கு யாரும் கோடு போட மாட்டார்கள். பெயரும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ‘சிவராசா’, அடையாள அட்டையில் ‘சிவராஜா’. ஒன்றில் ‘முஹம்மது’, மற்றதில் ‘முகம்மது’. ஒரு எழுத்து மாறியதற்காகச் சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்தவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

இனித் தமிழ்த் தட்டச்சு. நம் பகுதியில் வேலை தேடுகிறவருக்கு உண்மையான மதிப்பு இங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆங்கிலத்தில் ஓரளவு அடிக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் அரச நிர்வாகம் தமிழில் நடக்கிறது. கடிதம், அறிக்கை, கூட்டக் குறிப்பு எல்லாம் தமிழில் வேண்டும். தமிழைத் தடையில்லாமல் அடிக்கத் தெரிந்தவரை அலுவலகம் முழுக்கத் தேடுவார்கள்.

தமிழுக்குத் தட்டச்சுப் பொறி செய்தவர்களில் முன்னோடி யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா. 247 எழுத்தையும் ஒரு பொறிக்குள் அடக்க அவர் பட்ட பாடு பெரிது. அந்தப் பொறிகளின் விசை வரிசையில் பழகிய கைகள்தான் பிறகு கணினிக்கு வந்தன. கணினியில் நம் நாட்டில் வேரூன்றியது பாமினி எழுத்துரு. பாமினி எப்படி வேலை செய்கிறது என்று புதியவர்கள் அறிந்திருப்பது நல்லது. அதில் ‘அம்மா’ என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற விசைகளைத் தட்ட வேண்டும். திரையில் அழகாக ‘அம்மா’ என்று தெரியும். ஆனால் கணினிக்குள் சேமிக்கப்பட்டிருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான். அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். பாமினி இல்லாத கணினிக்கோ போனுக்கோ அந்தக் கோப்பை அனுப்பினால் போர்வை கழன்று, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். தேடினாலும் கிடைக்காது. யூனிகோட் என்ற உலகப் பொது எழுத்து முறையில் தமிழ் எழுத்துக்குத் தனி எண்ணே இருக்கிறது. எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

யூனிகோடில் அடிக்கவும் ஒரு விசை வரிசை வேண்டுமே. ஆங்கில ஒலிப்படி அடிக்கும் முறை முதல் நாளிலேயே வந்துவிடும், ஆனால் தட்டுகள் அதிகம், மனம் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குச் சுற்றிவர வேண்டும். இலங்கையில் ரெங்கநாதன் என்ற விசை வரிசையை அடிப்படையாகக் கொண்டு 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமம் வந்தது. தமிழ்நாட்டில் 1999இல் தமிழ்99 என்ற விசை வரிசை வந்தது. பழைய கோப்புகளும் பழைய கைகளும் இருக்கும் அச்சகங்களில் இன்றும் பாமினி கேட்பார்கள். பாமினி பழகியவர்கள் அதே விரலோட்டத்தில் யூனிகோட் அடிக்க இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் இடம் கொடுக்கின்றன. ஆகவே யாருடைய பழக்கமும் வீண் போகாது.

புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு நான் தமிழ்99 சொல்லிக்கொடுக்கிறேன். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்களில் பெரும்பாலானவை வலக்கையில். நடு வரிசையிலேயே இடப்பக்கம் அ, இ, உ என்ற குறில்களும் வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய என்பவையும் இருக்கின்றன. ‘அப்பம்’, ‘இதயம்’ போன்ற சொற்களை விரல் அந்த வரிசையை விட்டு அசையாமலே அடித்துவிடலாம். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாகவே விழும். ‘அம்மா’ வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ‘ங்க’, ‘ந்த’, ‘ம்ப’ போன்ற இணைகளுக்கும் புள்ளி வைக்க வேண்டாம். 2019இலிருந்து விண்டோஸ் 10இலேயே இது இருப்பதால் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை.

குரலில் சொன்னால் எழுதுகிறதே என்று அந்தத் தாய் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். உண்மைதான், எழுதுகிறது. கூகுளின் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழ் என்றே தனித் தெரிவு உண்டு. நீண்ட கட்டுரையின் முதல் வரைவுக்கு நானும் பாவிக்கிறேன். கை வருத்தம் உள்ளவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும் அது வரம். ஆனால் நான்கு பேர் இருக்கும் அறையில் ஒருவருடைய நோயையோ கடனையோ உரத்துச் சொல்லி எழுத முடியுமா? ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட்டுக் கையால்தான் திருத்த வேண்டும். திருத்தத் தெரிந்த கைக்குத்தான் குரல் நல்ல துணை.

பழகுவதில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. கீபோர்டைத் தடவிப் பாருங்கள், எஃப் விசையிலும் ஜே விசையிலும் சிறு மேடு இருக்கும். இரண்டு சுட்டு விரலும் அங்கே தொடங்க வேண்டும், ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் அங்கே திரும்ப வேண்டும். இலக்கத் தொகுதியில் ஐந்தாம் விசையில் அதே மேடு. ஒரே நாளில் இரண்டு மணித்தியாலம் இருப்பதைவிடத் தினமும் இருபது நிமிடம் இருப்பது நல்லது. கையின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். வேகத்தைப் பார்க்கவே வேண்டாம், பிழையை மட்டும் எண்ணுங்கள். முதல் இரண்டு கிழமையில் முன்பைவிட மெதுவாகத்தான் வரும். இரண்டு விரலால் வேகமாக அடித்துப் பழகியவர்களுக்கு அந்த நாட்கள் மிகவும் கசக்கும். பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டு ஓடுவது அங்கேதான். விரலால் வேகமும் வருகிறது, கண்ணும் திரையை விட்டு இறங்குவதில்லை என்றால், எட்டு விரலோ ஆறு விரலோ, உங்கள் முறையையே வைத்துக்கொள்ளுங்கள். பத்து விரல் கட்டாயமில்லை.

அந்தத் தாயின் மகன் வகுப்பில் சேர்ந்துவிட்டான். முதல் நாள் துவாயைக் கண்டதும் முகம் சுளித்தான். இது மூன்றாம் கிழமை. ‘இதயம்’ பார்க்காமல் வருகிறது. ‘வாழைச்சேனை’ அடிக்கச் சொன்னால் ‘ழ’ வுக்கு மட்டும் இன்னும் துவாயைத் தூக்கி எட்டிப் பார்க்கிறான். அது வலது சுண்டு விரலுக்குக் கீழே, கடைசி விசையில் இருக்கிறது.